புதுவைக் கடற்காற்றும் பிரௌனிங் துப்பாக்கியும்

மணியாச்சி என்றதும் 1911 ஜூன் 17ஆம் நாளும், திருநெல்வேலி ஆட்சியர் ஆஷும், அவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனும் நினைவுக்கு வருவர். வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைப் பற்றிய வாதங்கள் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதற்குள் நாம் புகப்போவதில்லை. அவர் கையிலிருந்த கருவியைப் பற்றியே இங்கே பேச விழைகிறோம்.

அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. அந்தப் பெயர் அன்றைய புரட்சியாளர்களுக்குப் புதிதன்று. 1909இல் லண்டனிலிருந்து பெட்டியின் கள்ள அடித்தட்டில் இருபது பிரௌனிங்குகள் பம்பாய்க்கு வந்தன. அவற்றுள் ஒன்றால்தான் அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார். 1910இல் வ.வே.சு. ஐயர் புதுவை வந்து சேர்ந்தார். புனலூரில் வனத்துறை ஊழியராக இருந்த வாஞ்சி, 1911 தொடக்கத்தில் விடுப்பெடுத்து வந்து அவரிடம் சுடப் பழகினார். பயிற்சி கரடிக்குப்பத்தில் நடந்தது என்பர். பிரிட்டிஷாரின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது என்பதும் நாம் அறிந்ததே.

நூல்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. சுட்டபின் அத்துப்பாக்கியை என்ன செய்தார்கள்? அற்பமான கேள்வி என்று தோன்றலாம், அன்று.

அக்காலத் தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் குழலுக்குள் எஞ்சுவது ஒருவகை உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; கடலோர ஊரில் துரு பிடிக்க நாள் கணக்கு வேண்டியதில்லை. எண்ணெய் தடவினால் மட்டும் போதாது, உப்பு எண்ணெயில் கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் இடவேண்டும். பட்டாளத்தார் இதை வழக்கத்தால் அறிந்திருந்தனர். குற்றவாளி இந்த உப்புதான் என்று அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஆய்வு 1922இல்தான் காட்டிற்று. அதுவரை பலரும் வெடிமருந்தின் அமிலத்தையே பழித்துக்கொண்டிருந்தார்கள்.

கழுவுவதற்கு முன் பிரிக்க வேண்டுமே! சுழல் துப்பாக்கியில் உருளையை விலக்கினால் குழல் தெரியும். தானியங்கியோ புதிய பொறி, பார்த்தவுடன் பிடிபடாது. பிரௌனிங்கின் 1900ஆம் ஆண்டு மாதிரியில் மேற்சட்டத்தையும் அடைப்புக் கட்டையையும் இரண்டு திருகாணிகள் பிணைத்திருக்கும். திருப்புளி இன்றி அதைப் பிரிக்க இயலாது. திருப்புளியின் முனை திருகாணித் தலையின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தவும் வேண்டும். பொருந்தாவிட்டால் பள்ளம் சிதைந்துவிடும். பிறகு திருகாணி அசையாது. 1910ஆம் ஆண்டு மாதிரியில் குழல்முனை வளையத்தைக் கையால் அழுத்தித் திருப்பினாலே போதும். உள்ளிருக்கும் சுருள்வில் பாய்ந்து எகிறாமல் பார்த்துக்கொள்வது வேறு பாடு.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு இதற்கெல்லாம் படைக்கலச் சாலை இருந்தது. உரிமம் பெற்ற வேட்டைக்காரருக்குத் துப்பாக்கிக் கடை இருந்தது. உரிமமற்ற துப்பாக்கியோடு செங்கோட்டைப் பக்கம் திரும்பியவர் எந்தக் கடைக்குப் போவார்? யாரிடம் திருப்புளி கேட்பார்? கேட்டாலே ஐயம் எழும். ஆகவே குறிபார்த்துச் சுடுவதைப் போலவே பிரித்துத் துடைத்துப் பூட்டுவதும் புதுவைப் பாடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது நம் ஊகம். லண்டன் இந்தியா ஹவுஸ் வட்டத்தில் பழகியவர் ஐயர். அங்கிருந்த இளைஞர்கள் டாட்டன்ஹாம் கோர்ட் சாலைச் சுடுகளத்தில் காசு கொடுத்துச் சுடப் பழகியவர்கள்.

புதுவையை விட்டு மணியாச்சி சேரும் வரை இடையில் பல வாரங்கள். ஜூன் மாதத்துத் தென்காசிச் சீமையில் சாரல்வேறு. தேவைப்பட்ட இரு தருணங்களிலும் அத்துப்பாக்கி சிக்கவில்லை.