ஆச்சி சொல்லாத பெயர்

என் ஆச்சிக்கு ஓர் ஊரின் பெயர் மட்டும் வாயில் வராது. ஆனித் தேருக்குப் போய்வந்த கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். "எந்த ஊருக்குப் போனீர்கள், ஆச்சி?" என்று குறும்பாகக் கேட்போம். "தில்லைக்கு" என்பாள், இல்லாவிட்டால் "அந்த ஆடுகிறவன் ஊருக்கு" என்பாள். சிதம்பரம் என்று மட்டும் சொல்லமாட்டாள். அது தாத்தாவின் பெயர்.

அந்தப் பெயரையே எனக்கும் வைத்துவிட்டார்கள். பெயரன்தானே பேரன்! பாவம் ஆச்சி, கடைசிவரை என்னை "ராசா" என்றே கூப்பிட்டாள்.

சிதம்பரம் எங்கேயோ இருக்க, தாமிரபரணிக் கரையில் ஏன் இத்தனை சிதம்பரங்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். நடராஜரின் ஐந்து சபைகளில் இரண்டு எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. தாமிரசபை நெல்லையப்பர் கோயிலில், சித்திரசபை குற்றாலத்தில். அந்த உரிமையில் எங்கள் முன்னோர் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வாரி வழங்கிவிட்டார்கள். பெயர் ஒன்றானால் வாழ்க்கையும் ஒன்றாகிவிடுமா?

முதலில் நினைவுக்கு வருபவர் வ.உ.சி. 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரம் பிள்ளை, 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 மார்ச்சில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் கோயமுத்தூர்ச் சிறையில் இழுத்த செக்கு குறையவில்லை. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. கப்பல் விட்டவர் பிழைப்புக்காகக் கடை வைக்கவேண்டி வந்தது. 1936-ல் தூத்துக்குடியில் காலமானார்.

அதே ஜில்லாவில் இன்னொரு சிதம்பரம், டி.கே. சிதம்பரநாத முதலியார். அவரும் சட்டம் படித்தவர்தான். ஆனால் அவருக்கு இருந்த ஒரே கட்சிக்காரர் கம்பர் என்று சொல்லத் தோன்றுகிறது! வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கவிதையை அனுபவித்தார்கள். அதுவே வட்டத்தொட்டி. பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி 1954-ல் மறைந்தார்.

மூன்றாமவர் தொ.மு. சிதம்பர ரகுநாதன். 1923-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். நூல் கிடைக்காமல் தவித்த கைத்தறி நெசவாளர்களை வைத்து 1953-ல் 'பஞ்சும் பசியும்' என்ற நாவலை எழுதினார். அது செக் மொழி வரை போயிற்று. பாரதியைப் பற்றிய நூலுக்காக 1983-ல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார், 2001-ல் மறைந்தார்.

இந்த மூவருக்கும் தமிழுலகில் இடம் உண்டு. நான் சொல்ல வந்தது நான்காவது சிதம்பரத்தைப் பற்றி.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சி கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். தொடர்ந்து நடந்த சதி வழக்கில் பதினான்கு பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அந்தப் பட்டியலை முதன்முதலாகப் படித்தபோது திடுக்கிட்டேன். சிதம்பரம் பிள்ளை! கண்ணனூர்ச் சிறையில் இருந்தவர் இந்த வழக்கில் எப்படி வந்தார்? மறுபடி பார்த்தேன். பெயருக்கு முன்னால் 'மடத்துக்கடை' என்று இருந்தது. இவர் வேறொருவர். தண்டனையும் பெற்றார்.

அந்த 'மடத்துக்கடை' இல்லாவிட்டால் அவருடைய வாழ்க்கை பெரியவரின் பெயருக்குள் கரைந்து காணாமற் போயிருக்கும். பெரிய பெயர் ஆலமரம் மாதிரி. நிழலுக்குக் குறைவில்லை, ஆனால் அடியில் முளைப்பது கண்ணுக்குத் தெரியாது.

வ.உ.சி.க்குப் பெயரின் மதிப்புத் தெரிந்திருந்தது. பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸை நினைத்து, ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையரை எதிர்த்தவர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரரின் பெயர்! நன்றிக்கு நிறம் ஏது?

"வ.உ.சி. பெயரா உங்களுக்கு?" என்று என்னை யாராவது கேட்டால் முன்பெல்லாம் பெருமையோடு தலையாட்டுவேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதிய மனிதருடையது. அவருக்குச் சிலை இல்லை. அவர் பெயரை வாயால் சொல்லாமலே ஒருத்தி அறுபது வருஷம் காத்துவந்தாள்.

மடத்துக்கடைச் சிதம்பரம் பிள்ளையின் வீட்டிலும் அந்தப் பெயரைச் சொல்லாத ஒருத்தி இருந்திருக்கலாம். கோர்ட்டில் அதை உரக்கப் படித்த அன்று அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?