பூவின் ஆயுளும் காய்ப்பிடிப்பும்: பிரித்துப் படிக்கக்கூடாத இரண்டு ஆய்வுகள்

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மலரியலுக்கு ஒரு துறை, காய்கறி அறிவியலுக்கு ஒரு துறை. தேனீ பற்றிய ஆய்வு பூச்சியியலோடு சேர்ந்தது. நிர்வாகத்துக்கு இந்தப் பிரிவினை வசதியானது. பூவுக்கு இது பொருந்தவில்லை. பறித்த பூவை எப்படி வாடாமல் வைப்பது என்று ஒரு துறை கேட்கிறது. பூத்த பூவை எப்படிக் காயாக்குவது என்று இன்னொரு துறை கேட்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு பூ எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், அதை முடித்துவைப்பது எது? இந்தக் கேள்வியை இரண்டு துறைகளும் சேர்ந்து எடுத்துக்கொண்டால்தான் நம் தோட்டக்கலைக்குப் பயன் உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதழ்களை விரித்து வைத்திருக்கச் செடிக்கு நீரும் சர்க்கரையும் செலவாகின்றன. மகரந்தம் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தச் செலவுக்குத் தேவையில்லை. மகரந்தம் சேரும் வேகத்தையும் பூவைப் பராமரிக்கும் செலவையும் எடைபோட்டுப் பூவின் ஆயுளைக் கணிக்கும் கோட்பாட்டை ஆஷ்மன், ஷோன் இருவரும் 1994இல் முன்வைத்தார்கள். ஆர்க்கிட் மலர்கள் இதற்குத் தெளிவான சான்று. மகரந்தம் சேராத ஃபெலனாப்சிஸ் பூ இரண்டு மாதத்துக்கும் மேல் செடியில் நிற்கும். சேர்ந்துவிட்டால் ஓரிரு நாளில் இதழ் தளர்ந்துவிடும். ஜாவாவில் ஆர்க்கிட்டுகளை ஆராய்ந்த ஹான்ஸ் ஃபிட்டிங், கருவுறுதல் நடக்கும் முன்பே இந்த வாட்டம் தொடங்குவதையும், மகரந்தத்திலிருந்து எடுத்த சாறே அதைத் தூண்டப் போதுமானது என்பதையும் 1909இல் எழுதினார். கருவுறுவதற்கு முன்பே ஒரு செய்தி பூ முழுவதற்கும் போய்விடுகிறது என்பதே அந்தக் கண்டுபிடிப்பின் பொருள். மலர் ஆயுள் ஆய்வும் மகரந்தச் சேர்க்கை ஆய்வும் பிறந்த இடம் ஒன்றே என்று சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

செய்தியைப் பூவெங்கும் பரப்பும் பொருள் எது என்பது வேறொரு வழியில் தெரியவந்தது. அக்காலத்து விளக்கு வாயு கசிந்த இடங்களில் செடிகள் கோணலாக வளர்வதற்குக் காரணம் அதிலுள்ள எத்திலீன் என்று 1901இல் நெல்யூபோவ் காட்டினார். கண்ணாடிக் குடில்களில் கார்னேஷன் பூக்கள் உறங்கியதுபோல மூடிக்கொள்வதும் அதனால்தான் என்று 1908இல் க்ராக்கரும் நைட்டும் நிறுவினார்கள். செடியே எத்திலீனை உண்டாக்குகிறது என்பது 1934இல் உறுதியானது. அதை எந்தப் படிகளில் உண்டாக்குகிறது என்பதை 1979இல் ஆடம்ஸும் யாங்கும் வெளிப்படுத்தினார்கள். இதற்கிடையில் 1976இல் பையர், வெள்ளி அயனி எத்திலீனின் வேலையைத் தடுக்கிறது என்று கண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளில் நெதர்லாந்தில் வெள்ளி தயோசல்பேட் கரைசல் உருவானது; அதைக் குடித்த கார்னேஷன் கொய்மலர்கள் இரண்டு மடங்கு நாள் நின்றன. வெள்ளி கன உலோகமாதலால் கழிவுநீரில் கலப்பது கவலையாயிற்று. பின்னர் வட கரோலினாவில் சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் உருவாக்கிய 1-எம்சிபி என்ற வாயு அதன் இடத்துக்கு வந்தது.

இனி காய்கறிக் கொல்லைக்கு வருவோம். பூசணிக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் எத்திலீன் பெண்பூக்களைப் பெருக்குகிறது. பாகற்கும் புடலைக்கும் பூசணிக்கும் இளம் பருவத்தில் எத்ரல் தெளிக்கச் சொல்வது இதனால்தான். எத்ரல் செடிக்குள் போய் எத்திலீனை விடுகிறது. பெண்பூ மட்டுமே பூக்கும் வெள்ளரி வழித்தோன்றல்களில் விதை எடுக்க ஆண்பூ தேவைப்படும்போது, விதை உற்பத்தியாளர்கள் தெளிப்பது வெள்ளி நைட்ரேட்டையோ வெள்ளி தயோசல்பேட்டையோதான். கார்னேஷனை வாடாமல் காத்த அதே மருந்து வெள்ளரியில் ஆண்பூவைப் பிறப்பிக்கிறது. மலர்த் துறையும் காய்கறித் துறையும் ஒரே குப்பியிலிருந்துதான் எடுக்கின்றன.

ஆனால் எத்திலீனை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக நினைப்பது தவறு. ஜெர்பரா, சாமந்தி, லில்லி ஆகியவை எத்திலீனுக்குப் பெரிதாக அசைவதில்லை. அவற்றுக்கு எத்திலீன் தடுப்பான் கொடுப்பது வீண் செலவு. ஓசூர் ரோஜாவின் கழுத்து சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் தண்டின் நீர்க்குழாய் அடைபடுவது: வெட்டுவாயில் காற்றுக் குமிழி, ஜாடி நீரில் பெருகும் பாக்டீரியா. சுத்தமான கத்தரி, புளிப்பேற்றிய நீர், கிருமிநாசினி, கொஞ்சம் சர்க்கரை, விடாத குளிர்ச்சி இவையே அதற்கு மருத்துவம்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இன்னும் அடிப்படையான ஒரு குறை உண்டு. உலகின் கொய்மலர் ஆய்வு பெரும்பகுதி தண்டோடு ஜாடியில் நிற்கும் பூவைப் பற்றியது. நம் சந்தையில் புழங்குவதோ உதிரிப்பூ. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு நீர் குடிக்கத் தண்டே இல்லை. விடியலில் மொட்டாகப் பறிக்கப்பட்டு, அன்றிரவே விரிந்து மணக்க வேண்டிய பூ அது. அதற்கு வேண்டியது நீண்ட ஆயுள் மட்டுமல்ல. விரியும் நேரத்தைத் தள்ளிப்போடுவதும், விரியும்போது மணம் குறையாதிருப்பதும். எத்தனை நாள் ஜாடியில் நின்றது என்ற அளவுகோல் மல்லிக்குப் பொருளற்றது. பறித்தது முதல் விரிவது வரையான மணிநேரம், எடை இழப்பு, மண அளவு ஆகிய மூன்றையும் சேர்த்து அளக்கும் முறையே நமக்குத் தேவை.

காய்கறியிலும் இதே நேரக் கணக்குதான் அடிப்படை. பூசணி விடியுமுன் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். பாகலும் காலையில் விரிந்து அன்றே முடிந்துவிடும். பீர்க்கு மாலையில் விரிகிறது. சுரையும் புடலையும் பொழுது சாய்ந்தபின். பொதுவாகத் தேனீயைக் காக்க மாலையில் மருந்தடியுங்கள் என்கிறோம். பூசணிக்கு இது சரியான அறிவுரை. பீர்க்கங்கொல்லையிலும் சுரைப் பந்தலிலும் இதே அறிவுரை, பூ விரிந்து தேனீயும் அந்துப்பூச்சியும் வரும் நேரத்தில் நஞ்சைக் கொண்டுபோய் வைக்கிறது. முந்தைய பூ வாடி, அன்றைய பூ விரியுமுன் உள்ள இடைவெளியை ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியே சொல்லியாக வேண்டும்.

எத்ரலிலும் இப்படி ஒரு பாதி அறிவு ஒளிந்திருக்கிறது. பெண்பூ பெருகினால் ஆண்பூவின் விகிதம் குறையும். கிடைக்கும் மகரந்தத்தை எடுத்துச் செல்லத் தேனீயும் குறைவாக இருந்தால் கூடுதல் பெண்பூக்கள் பிஞ்சிலேயே வெம்பி உதிரும். தர்பூசணிப் பெண்பூ ஒன்று ஒழுங்கான பழமாக எட்டு முறையாவது தேனீ வந்து போக வேண்டும் என்று 1960களிலேயே அளந்திருக்கிறார்கள். வருகை குறைந்தால் விதை ஒரு பக்கம் மட்டும் பிடித்துக் காய் கோணும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போர் தேன் போனதைக் கணக்கிட்டார்கள். காய்கறிக் கொல்லைகளில் காய் எவ்வளவு போயிற்று என்பதையும் யாராவது கணக்கிட்டிருக்க வேண்டும்.

எல்லாப் பயிருக்கும் தேனீப் பெட்டியே தீர்வு என்பதும் சரியல்ல. கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனித் துளை வழியாகத்தான் மகரந்தத்தை உதிர்க்கும். உடலை அதிரவைக்கும் தச்சன் வண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அதைச் செய்யும், பெட்டித் தேனீக்கு அது வராது. முருங்கையிலும் தச்சன் வண்டுகளின் பங்கு பெரிது. அவை காய்ந்த மரத்தில் துளையிட்டு வாழ்பவை. வேலியோரத்துப் பட்ட மரத்தை விட்டுவைப்பது கத்தரிக்கு உரமிடுவதைப் போலவே முக்கியம்.

பசுமைக்குடில் வெள்ளரி மகரந்தமின்றியே காய்க்கிறதே, பிறகு எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். குடிலுக்குள் அந்த வாதம் நிற்கும். திறந்த வெளியில் பாகலும் பீர்க்கும் பூசணியும் போடும் சிறு விவசாயிக்கு அது பதிலாகாது.

ஆகவே ஆய்வாளர்களுக்கும் ரக வெளியீட்டுக் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இது. புதிய காய்கறி ரகத்தை வெளியிடும்போது விளைச்சலோடும் வயதோடும், பூ விரியும் நேரம், மூடும் நேரம், மகரந்தம் உயிரோடிருக்கும் மணிநேரம், வந்துபோகும் பூச்சிகள் ஆகியவற்றையும் கட்டாயம் பதிவுசெய்யுங்கள். புதிய மலர் ரகத்துக்கு அது எத்திலீனுக்கு அசைகிறதா இல்லையா என்பதை முதலிலேயே சோதித்துச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே குழுவைக் கொண்டு, இன்றைக்கு இருக்கும் கருவிகளாலேயே செய்துவிட முடியும்.