வரைபடத்தின் மேல் ஒரு பொத்தான்

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. தொழிற்பேட்டை உள்ள ஊர். சற்றுத் தள்ளிப் போனால் தமிழ்நாட்டின் வானூர் வட்டம் வந்துவிடும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் இருப்பதால், இங்குள்ள ஒரு தொழிற்சாலை வானூருக்குச் சரக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. வரிக் கணக்கே வேறு. ஆகவே எல்லை எங்கே ஓடுகிறது என்பது இந்த ஊருக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல.

இந்த எல்லை எப்படி வந்தது? பிரெஞ்சுக்காரர்கள் 1674ல் புதுச்சேரியில் குடியேறினார்கள். வில்லியனூர், பாகூர் பகுதிகள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அவர்கள் கைக்கு வந்தன. ஒரே தடவையில் கிடைக்காமல் பகுதி பகுதியாகச் சேர்ந்த நிலம் அது. ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு, 1816ல் திருப்பிக் கொடுத்தபோதும் துண்டு துண்டாகவே இருந்தது. 1954 நவம்பர் 1ல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இணைந்தது. கோடுகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. இன்றும் புதுச்சேரி மாவட்டம் ஒட்டிய ஒரே நிலம் கிடையாது, நடுநடுவே தமிழ்நாடு வரும்.

இப்படிப்பட்ட ஊரை இணைய வரைபடத்தில் பார்த்தால் என்ன தெரியும்? கூட்டல் குறியை அழுத்தினால் பெரிதாகும், கழித்தல் குறியை அழுத்தினால் சிறிதாகும். சாலையும் கடைகளும் முன்னால் நிற்கும். எல்லைக்கோடு மெலிதாக எங்கோ கிடக்கும். "எல்லையை மட்டும் எடுத்துக் காட்டு" என்று கேட்க அங்கே பொத்தான் இல்லை. அந்தப் பொத்தானை நாமே வைக்கலாமா? இதற்கு விடை கிடைத்த கதை சுவையானது.

1993 ஜூனில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஸ்டீவ் புட்ஸ் இணையத்தில் ஒரு வரைபடக் காட்டியை வைத்தார். ஒவ்வொரு சொடுக்குக்கும் சர்வர் புதுப் படம் ஒன்றை வரைந்து அனுப்பும். பொத்தான்கள் எல்லாம் வெறும் இணைப்புகள். 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்ததும் நிலைமை மாறியது. உலகத்தைச் சதுர ஓடுகளாக வெட்டி, தேவையான ஓடுகளை மட்டும் பிரவுசர் கேட்டு வாங்கியது. முதல் நிலையில் உலகம் முழுவதும் 1 ஓடு, அடுத்த நிலையில் 4, அதற்கடுத்து 16. பக்கம் மறுபடி திறக்காமலே வரைபடம் நகர்ந்தது.

பொத்தான்கள் என்னவோ அந்த நிறுவனம் வைத்தவைதான். ஆனால் ஆர்வலர்கள் பொறுக்கவில்லை. பால் ராட்மாக்கர் என்ற நிரலாளர், கூகுள் வரைபடம் எப்படி இயங்குகிறது என்று நோண்டிப் பார்த்து, வாடகை வீடுகளை அதன் மேல் காட்டும் ஹவுசிங்மேப்ஸ் தளத்தை உருவாக்கினார். ஏட்ரியன் ஹோலோவாட்டி சிகாகோ நகரக் குற்றங்களை வரைபடத்தில் வைத்தார். இரண்டுமே அனுமதி கேட்காமல் செய்தவை. 2005 ஜூனில் கூகுளே ஏ.பி.ஐ. என்ற வாசலை அதிகாரபூர்வமாகத் திறந்தது.

2006ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், சொந்தப் பொத்தான் செய்யும் வழி தெளிவாக இருந்தது. ஒரு சிறு பெட்டியை உருவாக்க வேண்டும், அது எந்த மூலையில் நிற்கும் என்று சொல்ல வேண்டும், அழுத்தினால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். கூகுள் தந்த மாதிரி நிரலில் படத்துக்குப் பதில் எழுத்திலேயே பெரிதாக்கும் பொத்தான் இருந்தது. எழுத்து என்றால் தமிழும் எழுத்துதானே!

ஆனால் ஒரு சிக்கல். இடம் கூகுளுடையது. 2010ல் இரண்டாம் பதிப்புக்கு ஓய்வு அறிவிக்கப்பட்டது. மூன்றாம் பதிப்பில் பொத்தான் வைக்கும் முறையே வேறு என்பதால் பழைய பொத்தான்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 2011ல் அதிகப் பயன்பாட்டுக்குக் கட்டணமும் அறிவித்தார்கள். மறு வருடமே ஃபோர்ஸ்கொயர் போன்ற நிறுவனங்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பக்கம் போயின. ஸ்டீவ் கோஸ்ட் 2004ல் தொடங்கிய, பொதுமக்களே வரையும் வரைபடம் அது.

அந்த வரைபடத்தைக் காட்ட 2006லேயே ஓப்பன் லேயர்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் வந்திருந்தது. 2011 மே மாதம் உக்ரைனைச் சேர்ந்த விளாடிமிர் அகாஃபோன்கின் லீஃப்லெட் என்ற சிறிய நூலகத்தை வெளியிட்டார். அதிலும் பொத்தான் வைப்பது எளிது. கவனிக்க வேண்டியது ஒன்று: பொத்தானை அழுத்தும் சொடுக்கு அடியிலுள்ள வரைபடத்துக்கும் போய்விடாமல் தடுக்க வேண்டும். இல்லையென்றால் இருமுறை அழுத்தும்போது வரைபடமும் சேர்ந்து பெரிதாகிவிடும்.

ஆக, புதுச்சேரியின் எல்லைக்கோடுகளைத் தனி அடுக்காகச் சேர்த்து, "எல்லை காட்டு" என்று தமிழில் ஒரு பொத்தான் வைக்க இன்று யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஒரு கல்லூரி மாணவரின் ஒரு மாலை நேர வேலை அது. ஆனால் அந்த எல்லை சட்டப்படியான சான்று ஆகிவிடாது. வழக்கு என்று வந்தால் வருவாய்த் துறை ஆவணமே பேசும்.

பெரிய நிறுவனங்கள் உலகத்துக்கே பொதுவான கேள்விகளை நினைத்துத்தான் பொத்தான் வைக்கும். சேதராப்பட்டு போன்ற ஊரின் கேள்வி அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அந்தப் பொத்தானை அவர்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.