செவிடாகும் முன்பே: பினாங்குக் கடலில் இரைச்சலும் கடற்பன்றியின் கேட்கும் பரப்பும்

கடலடி இரைச்சல் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் முட்டி நின்றுவிடுகிறது: இந்த ஓசை விலங்கைச் செவிடாக்குமா? பினாங்கைச் சூழ்ந்த கடலுக்கு இந்தக் கேள்வி போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். செவி பழுதடையும் நிலைக்கு வெகு முன்னரே, விலங்கு காதால் எட்டிப் பிடிக்கும் பரப்பு சுருங்கிவிடுகிறது. முதுகுத் துடுப்பற்ற கடற்பன்றியும் ஐராவதி ஓங்கிலும் வாழும் இக்கரையோரம் ஆழம் குறைந்தது. ஆற்றுச் சேறு கலந்து கலங்கியது. இங்கே கண்ணால் ஆவது கொஞ்சமே. கடற்பன்றி 120 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மிகக் குறுகிய சொடுக்கொலிகளை எழுப்புகிறது. மீனில் பட்டுத் திரும்பும் எதிரொலி அதன் கீழ்த்தாடைக் கொழுப்பின் வழியே உட்செவியை அடைகிறது. 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் நம் காதுக்கு இந்த உரையாடல் முழுவதும் மௌனம்தான்.

கப்பல் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது, கடற்பன்றியின் செவியோ உயர்ந்த அதிர்வெண்ணுக்கு அமைந்தது, ஆகவே ஒன்றை ஒன்று தொடாது என்பது வழக்கமான மறுப்பு. தொலைவில் செல்லும் கப்பலுக்கு இது ஓரளவு பொருந்தும். உயர்ந்த ஒலியைக் கடல்நீர் விரைவில் உறிஞ்சிவிடுகிறது. ஆனால் கப்பலின் சுழலும் விசிறியின் விளிம்பில் நீர் கிழிந்து தோன்றும் குமிழிகள் உடையும்போது எழும் ஓசை 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். டென்மார்க்கின் ஆழமற்ற கடலில் எடுக்கப்பட்டு 2014இல் வெளியான அளவீடுகள் கப்பலோசை 160 கிலோஹெர்ட்ஸ் வரை நீள்வதைக் காட்டின. ஜோர்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையில் சில கிலோமீட்டர் நீரே உண்டு. ஃபெரிகளும் மீன்பிடிப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் நெருங்கிப் போய்வரும் அந்த இடுக்கில் தொலைவு தரும் பாதுகாப்பு இல்லை. இதன் விளைவைக் கணக்கிட, ஒரு மீன் எழுப்பும் ஓசை நாற்புறமும் சீராகப் பரவுவதாகக் கொள்வோம். பின்னணி இரைச்சல் 6 டெசிபெல் கூடினால் அவ்வோசை கேட்கும் தூரம் பாதியாகும். கேட்கும் பரப்போ நான்கில் ஒன்றாகும். செவியில் ஒரு நரம்பிழையும் அறுந்திருக்காது.

செவிப்பழுதுக்கும் சான்று இல்லாமலில்லை. 2009இல் வெளியான ஜெர்மானியர் ஆய்வொன்றில், கடலடி நில ஆய்வுக்கான காற்றுத் துப்பாக்கியின் ஒலிக்குப் பின் ஒரு குளிர்க்கடல் கடற்பன்றியின் கேள்திறன் 4 கிலோஹெர்ட்ஸில் தற்காலிகமாக மங்கியது. நம் கடற்பன்றிக்கு நெருங்கிய உறவான யாங்சே இனத்திலும் இத்தகைய மங்கல் 2011இல் பதிவாகியது. எனவே குளிர்க்கடல் சான்று வெப்பக்கடலுக்கு ஆகாது என்ற எதிர்வாதம் வலுவிழக்கிறது. எனினும் எனக்கு இவற்றைவிடக் கனமாகப் படுவது 2018இல் வெளியான டேனிஷ் ஆய்வு. ஏழு கடற்பன்றிகளின் முதுகில் ஒட்டிய பதிவுக்கருவிகளின்படி, அவை தம் நேரத்தில் 17 முதல் 89 விழுக்காடு வரை படகோசைக்குள் இருந்தன. ஓசை உரத்தபோது சில விலங்குகள் அடிக்கடலுக்குப் பாய்ந்தன, இரைதேடலை நிறுத்தின, சொடுக்கொலியையே அடக்கின. சிற்றுடலில் சூட்டைக் காக்க ஓயாமல் உண்ண வேண்டிய விலங்குக்கு இடைவெளி ஒவ்வொன்றும் பசிதான். அது விலகிப் போகட்டுமே என்பாருக்கு: இரை கிடைக்கும் கரையோரம் தவிர அதற்குப் போக்கிடம் எது?

இரைச்சலைவிட வலைதான் கொல்கிறது என்பது வலுவான மறுப்பு, மறுக்கவும் முடியாது. ஆயினும் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சரியல்ல. சொடுக்கொலியை அடக்கிய கடற்பன்றி, எதிரே தொங்கும் செவுள்வலையையும் எதிரொலியால் அறியாது என எண்ண இடமுண்டு. படகோசையோடு கட்டுமான ஓசையும் உண்டு: 1985இல் முதல் பாலமும் 2014இல் இரண்டாம் பாலமும் எழுந்த கடல் இது. 2023 முதல் தீவின் தெற்கே நிலமீட்பும் நடக்கிறது. ஜெர்மனி தன் கடலில் தூண் அடிக்கும்போது 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபெல் என ஒலி வரம்பு விதித்துள்ளது. துளையிட்ட குழாயிலிருந்து எழும் குமிழித்திரை அந்த வரம்புக்குள் ஓசையை அடக்கப் பெரிதும் உதவுகிறது. படகுகளுக்குத் திரை வேண்டியதில்லை. வேகம் குறைந்தால் விசிறிக் குமிழிகளும் குறையும். பினாங்கில் இனி எந்தக் கடற்பணிக்கும் அனுமதி தரும்முன், எத்தனை விலங்குகள் செவிடாகும் என்பதோடு, எத்தனை சதுர கிலோமீட்டரில், எத்தனை மணி நேரம் அவற்றின் கேட்கும் பரப்பு சுருங்கும் என்ற கணக்கையும் கேட்டுப் பெற வேண்டும்.