நாள் தவறும் போட்டி: தெற்காசிய விளையாட்டு விழாவின் கால ஒழுங்கு குறித்து

தெற்காசிய விளையாட்டுப் போட்டி முடியும்போதெல்லாம் எழும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: பதக்கங்களை இந்தியா வாரிக்கொண்டு போகிறது, மற்ற நாடுகள் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எண்களும் இதை மறுக்கவில்லை. 2019இல் நேபாளத்தில் நடந்த 13ஆவது போட்டியில் இந்தியா 174 தங்கம் வென்றது. அடுத்த இடத்தில் இருந்த நேபாளத்துக்குக் கிடைத்தவை 51. ஆனாலும் இப்போட்டியின் நோய் இந்த ஏற்றத்தாழ்வில் இல்லை. குறித்த காலத்தில் நடக்காததில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1984 செப்டம்பரில் காத்மாண்டுவில் முதல் போட்டி நடந்தபோது தெற்காசிய அரசுகளின் கூட்டமைப்பான சார்க்கே பிறந்திருக்கவில்லை. அது டாக்காவில் தொடங்கப்பட்டது 1985 டிசம்பரில். அரசுகளுக்கு முன்பே வீரர்கள் கூடிவிட்டார்கள். 1995இல் சென்னையில் நடந்தது ஏழாவது போட்டி. அதுவரை 11 ஆண்டுகளில் ஏழு போட்டிகள். அதன்பின் 2019 வரையான 24 ஆண்டுகளில் ஆறே போட்டிகள். 14ஆவது போட்டியைப் பாகிஸ்தான் நடத்துவதாக முடிவாகி, அது திரும்பத் திரும்பத் தள்ளிப்போடப்பட்டது.

தாமதங்களுக்கு இந்திய-பாகிஸ்தான் பகையையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. 2001இல் இஸ்லாமாபாத்தில் நடந்திருக்க வேண்டிய போட்டி, ஆப்கானிஸ்தான் போராலும் பின்னர் எல்லைப் பதற்றத்தாலும் 2004க்குத் தள்ளிப்போனது. ஆனால் 2012இல் தில்லியில் நடக்கவிருந்த போட்டியைத் தடுத்தது எந்தப் போரும் அல்ல. இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2012 டிசம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை இடைநீக்கம் செய்திருந்த குழப்பமும் அந்தத் தாமதக் காலத்தில்தான் அடங்கும். கடைசியில் 2016 பிப்ரவரியில் குவாஹாத்தி, ஷில்லாங் நகரங்களில் அது நடந்தது. நிர்வாகக் கோளாற்றுக்கும் வீரர்களே விலை கொடுத்தார்கள்.

அந்த விலை சிறிதல்ல. ஓட்டக்காரர் ஒருவரின் உச்சகாலம் சில ஆண்டுகளே. 2010 டாக்கா போட்டிக்குச் சற்றே இளையவராக இருந்து, 2016க்குள் உச்சத்தைக் கடந்துவிட்டவருக்கு இப்போட்டி இல்லவே இல்லை. ஆசிய விளையாட்டு இருக்கிறதே என்று இந்தியரோ இலங்கையரோ சொல்லலாம். பூட்டானியர் சொல்ல முடியாது. 2023 ஹாங்சோ வரை ஆசிய விளையாட்டில் பூட்டானோ மாலத்தீவோ ஒரு பதக்கமும் வென்றதில்லை. மாலத்தீவின் ஹசன் சயீத் 2019இல் ஆடவர் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, தன் நாட்டுக்குத் தெற்காசியத் தங்கத்தைப் பெற்றுத்தந்தார். அந்தப் போட்டியில் மாலத்தீவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. பதக்கப் பட்டியலில் அது கடைசி வரிசைகளில் ஒன்றாகத்தான் தெரியும். குவாஹாத்தியில் பளுதூக்குதலில் வென்ற வங்கதேசத்தின் மாபியா அக்தர், தேசிய கீதம் ஒலிக்கும்போது நெற்றியருகே கைவைத்து வணக்கம் செலுத்தியபடியே தேம்பி அழுதார். அந்த ஆண்டு வங்கதேசத்துக்கு மொத்தமே நான்கு தங்கம். 174இல் ஒன்றும் நான்கில் ஒன்றும் ஒரே எடை அல்ல. இப்போட்டி யாருக்காக உயிரோடு இருக்க வேண்டும் என்பதை இந்த வேறுபாடே சொல்கிறது.

தென்கிழக்காசியாவைப் பார்த்தால் மாற்று வழி கண்ணுக்குத் தெரியும். 1959இல் பாங்காக்கில் தொடங்கிய அந்த வட்டாரத்தின் விளையாட்டுப் போட்டியிலும் குறைகள் உண்டு: நடத்தும் நாடு தனக்குச் சாதகமான விளையாட்டுகளைச் சேர்த்துக்கொள்வது அங்கே பழகிப்போன ஒன்று, 1963இல் கம்போடியா நடத்த வேண்டிய போட்டி ரத்தே ஆனது. ஆனால் 1965இல் லாவோஸ் பணமில்லை என்று விலகியபோது மலேசியா ஏற்று நடத்தியது. 1967இல் கம்போடியா மறுபடி பின்வாங்க, பாங்காக் முன்வந்தது. ஈராண்டுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு, பெருந்தொற்றால் 2021 போட்டி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனதைத் தவிர, பெரும்பாலும் காக்கப்பட்டிருக்கிறது. அங்கே நடத்தும் நாடு மாறலாம், ஆண்டு மாறக் கூடாது. இங்கே நாம் இடத்தைக் காப்பாற்றுவதற்காக ஆண்டுகளைப் பலி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தெற்காசியாவில் இந்த முறை செல்லாது, கடைசி நேரத்தில் பொறுப்பேற்கச் சிறிய நாடுகளிடம் வசதி இல்லை என்பார்கள். ஆனால் 2015 நிலநடுக்கத்தில் சேதமடைந்த தசரத் அரங்கைப் போட்டிக்குச் சற்று முன்புதான் சீரமைத்து முடித்த நேபாளம், 2019இல் காத்மாண்டு, பொக்காரா, ஜனக்பூர் என மூன்று நகரங்களில் ஆட்டங்களைப் பிரித்து நடத்தியது. அரசுகளின் சார்க் உச்சிமாநாடுகூட 2014க்குப் பிறகு கூடாத காலத்தில் வீரர்கள் கூடினார்கள். குறித்த நாளுக்கு ஓராண்டு முன்பு வரை ஆயத்தம் உறுதியாகாவிட்டால் நடத்தும் உரிமை தானாகவே அடுத்த நாட்டுக்குப் போகும் என்று விதி செய்தால், அதை ஏற்கும் முதல் நாடு அநேகமாக மூன்று முறை இப்போட்டியை நடத்திய நேபாளமாகவே இருக்கும்.