ஷா பிரதர்ஸ் தற்காப்புக் கலைப் படங்கள்

ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனம் 1960களின் நடுப்பகுதி முதல் 1980களின் நடுப்பகுதி வரை தயாரித்த வாள்வீச்சு, குங்ஃபூ திரைப்படங்கள். பெரும்பாலானவை மாண்டரின் மொழியில், கிளியர்வாட்டர் பே படப்பிடிப்பு வளாகத்தில், ‘ஷாஸ்கோப்’ அகலத்திரை முறையில் உருவானவை. கிங் ஹூவின் ‘கம் டிரிங்க் வித் மீ’ (1966), சாங் சேயின் ‘ஒன் ஆர்ம்டு ஸ்வார்ட்ஸ்மேன்’ (1967) ஆகியவை வாள்வீச்சு வகைக்குப் புதிய வடிவம் தந்தன. லாவ் கர்-லியுங்கின் ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ (1978) சண்டையைவிடப் பயிற்சியையே கதையின் மையமாக்கியது. இவ்வகையின் உச்சமாக அதைக் கொள்வது தகும்.

தரமான வீடியோ பதிப்புகள் நெடுங்காலம் அரிதாக இருந்ததால், 35 மி.மீ. படச்சுருள்களும் சுவரொட்டிகளும் சேகரிப்பாளர்களிடம் மதிப்புப் பெற்றன. நிறுவனத்தின் படத்தொகுப்பை வாங்கிய செலஸ்டியல் பிக்சர்ஸ், 2002 முதல் சீரமைத்த டிவிடிகளை வெளியிட்டது. அவற்றுள் பலவற்றில் ஒலி மாற்றியமைக்கப்பட்டதால், மூல ஒலித்தடம் கொண்ட பழைய பிரதிகள் இன்றும் தேடப்படுகின்றன.