உப்பங்கழியும் அருங்காட்சியகமும்

பழமையைக் காக்கும் இடம் அருங்காட்சியகம் என்பது இன்று உலகோர் ஒப்பிய கருத்து. சுவீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோம் இதற்குச் சிறந்த சான்று. உணவும் உறையுளும் பெருஞ்செலவு கோரும் அந்நகரில் வார இறுதியின் இரு நாள்களை மட்டும் கழிப்போர்க்கு யூர்கோர்டன் என்னும் ஒரு தீவின் காட்சிகளே போதும்.

அங்கு நிற்கும் வாசா என்னும் போர்க்கப்பல் 1628 ஆகஸ்டு 10ஆம் நாள் முதற்பயணத்திலேயே மூழ்கியது. 333 ஆண்டுகள் கழிந்து 1961இல் மீட்கப்பெற்றது. 1990 முதல் அதற்கெனத் தனி அருங்காட்சியகம் உண்டு. மரக்கலம் அத்துணைக் காலம் அழியாதிருந்தமைக்குப் பால்டிக் கடலின் உப்புக் குறைவும் ஒரு காரணம். மரத்தைத் துளைத்தழிக்கும் கப்பற்புழு அந்நீரில் வாழாது.

அதே தீவில் உள்ளது ஸ்கான்சென். தொழில்வளர்ச்சியால் சிற்றூர் வாழ்வு மறைவதைக் கண்ட ஆர்தூர் ஹசேலியஸ், பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து 1891இல் அமைத்த திறந்தவெளி அருங்காட்சியகம் அது. உலகின் பல பகுதிகளில் பின்னர் எழுந்தவற்றுக்கு அது முன்னோடியாயிற்று. 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவும் தென்னாட்டுப் பழைய வீடுகளை அவ்வாறே பெயர்த்துக் கொணர்ந்து காத்து வருகிறது.

முட்டுக்காட்டிலிருந்து அதே கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களை அடையலாம். இங்கே மரக்கலம் ஏதும் காட்சிக்கு இல்லை. சென்னைக்கு உப்புச் சுமந்த பக்கிங்காம் கால்வாய்ப் படகுகளும் மறைந்துவிட்டன. ஆயினும் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். கிரேக்கரின் பெரிப்ளூஸ் குறிக்கும் சோபட்மாவும் இதுவே என்பது அவர்தம் கருத்து. எயில் என்பது மதில். சோ என்பது அரண்.

அந்நூலைப் பாடிய நத்தத்தனார், இக்கரையை அடுத்த இடைக்கழிநாட்டு நல்லூரினர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு அவர் இப்பட்டினத்தைக் காட்டுகிறார். அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமரங்கள் துயிலும் ஒட்டகங்கள் போல் கிடக்கின்றன. அவற்றையே விறகாக்கிக் கள் சமைக்கிறாள் நுளைமகள். பரதவர் வழிப்போக்கர்க்குக் கள்ளும் சுட்ட மீனும் அளிக்கின்றனர். ஸ்டாக்ஹோமில் மரமே எஞ்சியது. இங்கே மரம் அடுப்பில் எரிந்து போயிற்று. அதைக் கண்ட புலவனின் சொல் எஞ்சியது.

உப்புத் தொழிலுக்கும் இது பொருந்தும். உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சுவதும், வெயிலில் விளைந்ததை வாரிக் குவிப்பதும், மழை கரைக்காதவாறு அம்பாரத்தை மூடுவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. உப்புக் குவியலைப் பேழையில் வைத்துப் பல நூற்றாண்டு காட்ட இயலாது. உப்பேற்றிச் சென்ற உமணரின் வண்டிகள் ஒன்றும் எஞ்சவில்லை. அச்சு முறிந்தால் மாற்றுவதற்குச் சேம அச்சும் உடன் கொண்டு சென்றனர் என்பதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன.

ஹசேலியஸ் மறையத் தொடங்கியதைத் திரட்டினார். மரக்காணத்தில் தொழில் இன்னும் மறையவில்லை. பாத்தியின் வகை, நீரின் பதம், காற்றின் திசை, கருவியின் உறுப்பு ஆகியவற்றுக்கு அளத்தில் உழைப்போர் வழங்கும் சொற்கள் இன்றும் அவர்தம் நாவில் உள்ளன. அவற்றைக் கேட்டுப் பதிவு செய்ய மாளிகையோ பெரும்பொருளோ வேண்டா. ஏடும் எழுதுகோலும் பொறுமையும் போதும். நத்தத்தனாரின் மரபில் வருவதாகச் சொல்லிக்கொள்ளும் கவிஞர்களுக்கு உரிய கடமை அது.